அப்பா பெயர்ப்பலகைக்குச் சொல்லிவிட்டார்

கேள்வி: மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மதிப்பெண்ணில் குறையில்லை. அதனாலேயே நான் சொல்லப்போவதை வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பயிற்சிக்குப் போயிருந்தபோது ஏழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். அவனுக்குக் காது கேட்காது. இருபது நிமிடமும் நாங்கள் அவனுடைய அம்மாவிடமே பேசினோம். அவன் எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். புறப்படும்போது என் பையில் இருந்த பேனாவைக் காட்டி விரல்களால் ஏதோ கேட்டான். எனக்குப் புரியவில்லை. அந்த வாரமே சைகை மொழி வகுப்பில் சேர்ந்தேன். வாரம் இரண்டு மாலை, பதினான்கு மாதம் ஆகிறது. காது கேளாத குழந்தைகளுக்கு ஆசிரியை ஆக வேண்டும் என்று இப்போது தீர்மானமாகத் தோன்றுகிறது. ஆனால் அப்பா வீட்டின் முன்னறையை எனக்கு மருத்துவ அறையாக மாற்ற ஆள் வைத்து அளவெடுத்துவிட்டார். 'டாக்டர்' என்று என் பெயருக்கு முன்னால் போட்டுப் பெயர்ப்பலகை செய்யவும் சொல்லிவிட்டார். கல்விக் கடன் பத்திரத்தில் அவருடைய கையெழுத்தும் இருக்கிறது. சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை வீட்டுக்குப் போய், மூன்று முறையும் சொல்லாமல் திரும்பிவிட்டேன். எப்படிச் சொல்வது?

பதில்: என் மகனைவிட வயதில் சின்னவள் என்பதால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்த மாதிரிக் கடிதம் வந்தால் பிள்ளையின் இடத்தில் நின்று என்னால் படிக்க முடிவதில்லை. நான் வாங்கிக்கொண்ட பக்கத்தில் நின்றவள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஓர் இரவு, பதினொரு மணி இருக்கும், என் மகன் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடி, "அம்மா, கட்டடக்கலைப் படிப்பை விட்டுவிட்டேன். நர்ஸ் படிப்பில் சேர்ந்திருக்கிறேன்" என்றான். நான்காம் ஆண்டு அது. என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை எது தெரியுமா? "உன் பெரியம்மாவிடம் நான் என்ன சொல்வது?" இருபத்தேழு வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து, 'முதலில் கேள்வியை முழுதாகப் படியுங்கள்' என்று தொண்டை வற்றக் கத்தியவள், என் முறை வந்தபோது கேள்வியைப் படிக்கவே இல்லை.

பதினொரு நாள் அவனோடு பேசவில்லை. படிப்பை விட்டானே என்ற கோபம் நான்கைந்து நாளில் ஆறிவிட்டது. ஆறாதது வேறொன்று. அவனுடைய நண்பனின் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருந்தது. பழைய ஓவிய ஆசிரியருக்குக்கூடத் தெரிந்திருந்தது. என் பிள்ளையின் வாழ்க்கையில் நடந்ததை நான் எட்டாவது ஆளாகத் தெரிந்துகொண்டேன். கணக்கு ஆசிரியை இல்லையா, உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்.

ஆகவே நீ இன்னும் விலகவில்லை என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. விலகாமலே சொல். முடித்துவிட்டு வந்து சொல்வது தகவல். முடிக்கும் முன் சொன்னால்தான் அது பேச்சு. தள்ளிப்போடவும் வேண்டாம், ஏனென்றால் உன் அப்பா கையில் அளவுநாடா இருக்கிறது. நீ வாயைத் திறக்காத ஒவ்வொரு வாரமும் அந்த முன்னறையில் அவர் பணமும் ஆசையும் சேர்ந்துகொண்டே போகும். நாளைக்கு அவர், "சுவரை இடிக்கும் முன்பே உனக்குத் தெரியுமா?" என்று கேட்டால் உன்னிடம் என்ன பதில் இருக்கிறது?

ஆனால் இந்த வாரமே பேசு என்று சொல்லும் முன் எனக்கே ஒரு சந்தேகம். பதினான்கு மாதம் நீ கற்றது மொழி. நீ கேட்பது ஆசிரியர் வேலை. காது கேளாத குழந்தைகள் படிக்கும் வகுப்பறையில் காலை மணி அடிப்பதிலிருந்து மாலை மணி வரை ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கிறாயா? கடிதத்தில் அது இல்லை. அடுத்த விடுமுறையில் அனுமதி கேட்டு இரண்டு வாரம் போய் உட்கார். ஐந்தாம் நாள் தலைவலியோடும் நோட்டுப் புத்தகக் கட்டோடும் வீடு திரும்பிய பிறகும் இதே ஆசை இருக்கிறதா என்று பார். அப்பாவிடம் பேச அதுவரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. 'இரண்டு வாரம் போய்ப் பார்க்கப் போகிறேன்' என்பதே பேச்சைத் தொடங்க நல்ல வாக்கியம்.

இன்னொரு கேள்வியை அவர் நிச்சயம் கேட்பார்: "டாக்டராகவே இருந்துகொண்டு சைகை மொழியும் பேசினால் என்ன?" இதை மடக்கும் கேள்வி என்று நினைத்துவிடாதே. நல்ல கேள்வி. அந்தப் பையனுக்கு ஆசிரியையும் வேண்டும், அவன் விரல்களைப் புரிந்துகொள்ளும் மருத்துவரும் வேண்டும். உன் பதில் என்ன என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உன் கடிதத்தோடு இணைத்திருந்த இரண்டு பக்கங்களை ரசித்துப் படித்தேன். 1880-ல் மிலானில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு சைகையைத் தள்ளிவிட்டு வாய்ப்பேச்சு முறைதான் மேல் என்று தீர்மானம் போட்டது, 1960-ல் மொழி ஆய்வாளர் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்கச் சைகை மொழிக்கு ஒரு முழு மொழிக்குரிய கட்டமைப்பு இருப்பதை எடுத்துக்காட்டியது, மிலான் தீர்மானத்துக்கு 2010-ல் வான்கூவர் மாநாடு வருத்தம் தெரிவித்தது எல்லாம் அருமை. நூற்று முப்பது வருட அநியாயம், சந்தேகமில்லை. ஆனால் முதல் பேச்சில் தயவுசெய்து மிலான் வேண்டாம். நீ மிலானில் இருக்கும்போது அவர் கடன் தவணையில் இருப்பார்.

அதனால் தவணையில் தொடங்கு. படிப்பு நின்றால் திருப்பிக் கட்டுவது எந்த மாதம் தொடங்கும் என்று ஒப்பந்தத்தை எடுத்துப் படி. கையெழுத்துப் போட்டவர் அவர், நீ கட்டத் தவறினால் அவரைத்தான் கேட்பார்கள். இந்த விஷயத்தில் அவருக்கு அப்பா என்ற பாத்தியதை மட்டுமல்ல, கடனுக்குப் பொறுப்பேற்றவர் என்ற பாத்தியதையும் உண்டு. கல்லூரி அலுவலகத்திலும் ஒன்றைக் கேட்டுக்கொள்: விலகாமல் ஓர் ஆண்டு இடைவிடுப்பு எடுக்க முடியுமா, இடம் எவ்வளவு காலம் காத்திருக்கும், முடித்த மூன்று ஆண்டுக்குச் சான்றிதழாகவோ வேறு படிப்பில் பாடச் சலுகையாகவோ ஏதாவது கிடைக்குமா? பதிலை எழுத்தில் வாங்கு. வாய்வார்த்தையாகச் சொன்ன குமாஸ்தா அடுத்த வருடம் வேறு மேசைக்குப் போயிருப்பார். 'விடுகிறேன்' என்று கேட்கிற அப்பாவுக்கும் 'ஒரு வருடம் இடம் காத்திருக்கும், அதற்குள் இந்தப் படிப்பில் சேர்ந்து பார்க்கிறேன்' என்று கேட்கிற அப்பாவுக்கும் அன்றிரவு வரும் தூக்கம் வேறு.

இனி பேச்சு. வகுப்பில் நேரம் மிஞ்சினால் நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. சார்லஸ் டார்வினின் அப்பா ராபர்ட் மருத்துவர். மகனையும் மருத்துவராக்க 1825-ல் எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத காலம். ஒரு குழந்தைக்கு நடந்த அறுவை சிகிச்சையைப் பார்க்க முடியாமல் பாதியில் வெளியே ஓடிய பையன், இரண்டு வருடத்தில் படிப்பையே விட்டான். சரி, பாதிரியாராகவாவது ஆகட்டும் என்று கேம்பிரிட்ஜில் சேர்த்தார் அப்பா. அங்கே பட்டம் வாங்கி, 22 வயதில் வீடு திரும்பியவனுக்கு 1831 ஆகஸ்ட் கடைசியில் ஓர் அழைப்பு: பீகிள் என்ற கப்பல் உலகப் பயணம் போகிறது, இயற்கையியலாளராக வருகிறாயா? அப்பா வேண்டாம் என்றார். ஆனால் கதவை முழுக்கச் சாத்தவில்லை. விவரம் தெரிந்த ஒரே ஒரு மனிதர் போகச் சொன்னாலும் சம்மதிப்பேன் என்றார்.

பிள்ளை என்ன செய்தான்? கத்தவில்லை, கோபித்துக்கொண்டு கிளம்பவும் இல்லை. வர இயலாது என்று பதில் எழுதிவிட்டுத் தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் வீட்டுக்குப் போனான். அங்கே உட்கார்ந்து, அப்பா சொன்ன ஆட்சேபங்களை எண் போட்டு எழுதினான். மொத்தம் எட்டு. பாதிரியாராகப் போகிறவனுக்கு இது மதிப்பில்லை, தறிகெட்ட திட்டம், உனக்கு முன் பலரைக் கேட்டிருப்பார்கள், அவர்கள் மறுத்திருந்தால் கப்பலிலோ பயணத்திலோ ஏதோ கோளாறு இருக்கும், இதற்குப் பிறகு நீ நிலையாக ஓரிடத்தில் அமரவே மாட்டாய், தங்குமிடம் வசதியாக இராது, மறுபடியும் தொழிலை மாற்றுகிறாய், இதனால் ஒரு பயனும் இல்லை. அவ்வளவுதான். நடுவில் 'ஆனால்' என்று தன் வாதத்தைச் செருகவில்லை. எதிராளியின் கட்சியை அவருடைய சொல்லிலேயே எழுத எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நீயே எழுதிப் பார்த்தால் தெரியும்.

மாமா ஒவ்வொரு எண்ணுக்கும் பதில் எழுதினார். எனக்குப் பிடித்தது ஐந்தாவது. "சார்லஸின் குணத்தை என்னைவிட நீங்கள்தான் நன்றாக அறிவீர்கள், இது அவனை நிலைகெடச் செய்யும் என்று நீங்கள் நினைத்தால், அது கனமான ஆட்சேபம்தான்" என்கிற பொருளில் ஒப்புக்கொள்கிறார். ஏழாவதற்கு, இவன் இப்போது தொழிற்படிப்பில் மூழ்கியிருந்தால் நானும் குலைக்காதீர்கள் என்றிருப்பேன், ஆனால் அப்படி இல்லையே என்கிறார். மறுநாள் அப்பா சம்மதித்தார். மகன் அவரைத் தேற்றுவதற்காக, "கப்பலில் இருந்துகொண்டு நீங்கள் தரும் பணத்துக்கு மேல் செலவழிக்க அசாத்தியச் சாமர்த்தியம் வேண்டுமே" என்றானாம். கல்லூரியில் தாராளமாகச் செலவழித்த பிள்ளை. அப்பா சிரித்துக்கொண்டே, "நீ பெரிய சாமர்த்தியசாலி என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்" என்றாராம்.

பின்னால் பெரிய ஆளானார், ஆகவே அப்பா தோற்றார் என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. எல்லாரும் டார்வின் ஆவதில்லை. தவிர, அப்பா சொன்னது பலித்தது. இரண்டு வருடம் என்று நினைத்துப் போன பயணம் ஏறத்தாழ ஐந்து வருடம் ஆனது. திரும்பி வந்தவர் பாதிரியார் ஆகவே இல்லை. ஏழாவது ஆட்சேபம் எழுத்துக்கு எழுத்துச் சரி. பெற்றோர் சொல்லும் ஆபத்துகள் பெரும்பாலும் உண்மையானவைதாம் மகளே. அவற்றைப் பொய் என்று நிரூபிக்கக் கிளம்பாதே. 'ஆமாம், அது நடக்கலாம். நடந்தால் இப்படிச் செய்வேன்' என்று சொல்ல முடிகிறதா என்று மட்டும் பார்.

எனவே முதல் நாள் நீ செய்ய வேண்டியது குறைவு. மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடு. பிறகு ஒரு தாளை எடுத்து, "அப்பா, உங்களுக்கு என்னென்ன பயம், சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்று கேள். பதில் சொல்லாதே. அன்று எழுத மட்டும் செய். சொல்லி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டி, விட்டுப் போனது உண்டா என்று கேள். உண்மையான ஆட்சேபம் அந்த இரண்டாம் சுற்றில்தான் வரும். 'நான் ஊரில் சொல்லிவிட்டேனே' என்பது வந்தால் சிரித்துவிடாதே. எனக்கு முதலில் வந்ததே அதுதான், நினைவிருக்கிறதா?

பிறகு உனக்கு ஒரு ஜோசையா வேண்டும். உன் கட்சி பேசும் ஆள் வேண்டாம், அவரை அப்பா முதல் நிமிடத்திலேயே தள்ளிவிடுவார். அப்பா மதிக்கிற, தேவையானால் உனக்கு எதிராகவும் ஒரு வார்த்தை சொல்லக்கூடிய ஆளாகப் பார். அம்மாவைத் தூது அனுப்பாதே. இரண்டு பக்க அடியும் அவருக்குத்தான் விழும்.

அந்தப் பெயர்ப்பலகை. அதை நிறுத்தச் சொல்ல அப்பாவைத் தனியாக அனுப்பிவிடாதே. செய்கிறவரிடம் நீயே போய்ச் சொல், கொடுத்த முன்பணம் போனால் போகட்டும், உன் சேமிப்பிலிருந்து கொடு.

கேள்வி: வயது 28. கணக்காளர் வேலையை விட்டு நான்கு மாதம் ஆகிறது. தோட்ட வடிவமைப்புப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். வீட்டில் தெரியாது. தினமும் காலையில் அலுவலக உடையில் பையோடு கிளம்பி, வகுப்பு இல்லாத நாளில் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். புது வேலை கிடைத்த பிறகு ஒரேயடியாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை தம்பி.

வேலை மாற்றத்தை மன்னிப்பது அவர்களுக்கு அவ்வளவு கடினமாக இராது. காலையில் வாசல்வரை வந்து வழியனுப்பினார்களே, அந்த நூற்றுச் சொச்சம் காலைகளை மன்னிப்பதுதான் கடினம். அந்தக் கணக்கு தினமும் ஒன்று கூடிக்கொண்டிருக்கிறது. புது வேலை ஆறு மாதத்தில் கிடைக்கலாம், ஒன்றரை வருடமும் ஆகலாம். அதற்குள் யாராவது நூலகத்தில் உங்களைப் பார்ப்பார்கள். அல்லது மாதக் கடைசியில் பணம் குறையும்.

இன்று மாலையே சொல்லுங்கள். தோட்டத்தைப் பற்றித் தொடங்காதீர்கள். "நான்கு மாதமாக உங்களிடம் ஒரு பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்று தொடங்குங்கள். அதற்கு வரும் கோபத்தை வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்களுக்கு உரியது. கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்ற எண்ணைக் கையில் வைத்திருங்கள். தோட்டத்தை அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம். அதுவரை அந்த அலுவலகச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்துவிடுங்கள், பாவம், அதுவும் களைத்திருக்கும்.

கேள்வி: என் மகன் பொறியியல் கடைசி ஆண்டு. இன்னும் ஐந்து மாதம்தான். 'இது எனக்கு வேண்டாம், இப்போதே விட்டுவிட்டுச் சமையல் கலை படிக்கிறேன்' என்கிறான். மூன்றரை வருடம் வீணா? கோபத்தில், இனி உன்னோடு பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆறு நாள் ஆகிறது. பேச ஆசைதான். ஆனால் நான் பேசினால் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வானே?

பதில்: ஐயா, ஆறு நாளில் எழுதிவிட்டீர்கள். நான் பதினொரு நாள் வீம்பாக இருந்தவள்.

வீண் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் பார்ப்போம். 1985-ல் ஆர்க்ஸ், புளூமர் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு நாடக அரங்கில் பருவ டிக்கெட், அதாவது அந்தப் பருவத்து நாடகங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே டிக்கெட், வாங்கியவர்களில் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரி. பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லாருக்கும் ஒன்றுதான். கொடுத்த பணம் ஆளை இழுத்துக்கொண்டு வந்தது. நீங்கள் கொடுத்த மூன்றரை வருடமும் உங்களை அப்படித்தான் இழுக்கிறது.

ஆனால் உங்கள் மகனும் கணக்கைத் தப்பாகத்தான் போடுகிறான். சமன்பாட்டின் இரண்டு பக்கத்திலும் ஒரே எண் இருந்தால் அடித்துவிடுவோம் இல்லையா? மூன்றரை வருடம் இருந்தாலும் போனது, விட்டாலும் போனது. இரண்டு பக்கமும் அடித்துவிடுங்கள். மிஞ்சுவது ஐந்து மாதம். ஐந்து மாதம் கொடுத்தால் ஒரு பட்டம். அந்த விலைக்கு அது மலிவா, இல்லையா? எனக்கு மலிவாகத்தான் தெரிகிறது. இரண்டாம் ஆண்டிலேயே வந்து சொல்லியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். ஒரே ஒரு விதிவிலக்கு: அந்த ஐந்து மாதத்தை அவனால் தாங்க முடியாத அளவுக்கு உறக்கமும் உணவும் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். கெட்டிருந்தால் பட்டம் காத்திருக்கலாம், முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இதையெல்லாம் பேச வாயைத் திறக்க வேண்டுமே என்பதுதான் உங்கள் கேள்வி. சம்மதமும் வேண்டாம், மறுப்பும் வேண்டாம், அவன் போக நினைக்கும் வேலையைப் பற்றிச் சின்னதாக ஏதாவது கேளுங்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் என் மகன் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். இடது ஷூவின் அடிப்பகுதி வாயைப் பிளந்திருந்தது. "நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலையாமே," என்று கேட்டேன், "இதைப் போட்டுக்கொண்டா நிற்கப் போகிறாய்?"